உள்ளங்கையில் சாவி

கேட்டின் மாற்றுச் சாவியும் காணாமல் போன சனிக்கிழமை காலை, உப்பளத்துப் பெண்கள் இல்லத்தில் இட்லி ஆறிப்போய்க் கிடந்தது. வார்டன் கமலவேணி யாரையும் சாப்பிட விடவில்லை. சின்னதும் பெரியதுமாக எல்லாப் பிள்ளைகளையும் கூடத்தில் நிற்க வைத்துவிட்டு, மாடிக்குப் போய்ப் பாய் தலையணைகளை உதறிக்கொண்டிருந்தாள். உதறுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

முதலில் பண்டக அறைச் சாவி போனது. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு பின்கட்டுக் கதவின் சாவி, அதற்குப் பிறகு அலமாரிச் சாவி. சரி, வயசாகிறது, எங்கேயோ வைத்து மறந்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் கேட் சாவி போனால் எந்த வார்டன்தான் சும்மா இருப்பாள்? போன வருஷம் வேறு ஏதோ ஊரில் இரண்டு பெண்கள் இல்லத்துச் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள். பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது, அந்த வார்டன் வேலை போய் வீட்டுக்குப் போனாள். கமலவேணிக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. சோறும் இங்கேதான், தூக்கமும் இங்கேதான்.

வரிசையின் கடைசியில் நின்றிருந்த தஸ்லீமுக்கு அந்த உதறல் சத்தம் ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. பத்தாவது படிக்கிற பெண். இருக்கிறவர்களில் மூத்தவள் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரோடு கடத்திக் கூட்டிப்போவது வரைக்கும் அவள் தலையில்தான். அவளுடைய தலையணை உறைக்குள் பண்டக அறைச் சாவி இருந்தது. ஓடிப்போவதற்காக இல்லை. ஓடி எங்கே போக? அது அபிக்காக வைத்திருந்த சாவி.

அபி ஆறாவது படிக்கிறாள். காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஜூன் மாதம் வந்தவள். அம்மா இல்லை. அப்பா பஞ்சநாதன் மங்களூர்ப் பக்கம் பெரிய படகில் வேலைக்குப் போகிறவர். போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பெண்ணைச் சேர்க்க வந்தபோது, உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் வாய் கூசாமல் சொன்ன பொய் அது. ஆனால் அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் வராது.

வந்து சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அபி அப்படியே பின்னால் சாய்ந்தாள். கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அறையில் இருந்தது தஸ்லீமும் பார்வதியும் மட்டும். பார்வதி எட்டாவது, கை துறுதுறு, வாய் அதைவிடத் துறுதுறு. அன்றைக்கு அவளுக்கே வாயடைத்துவிட்டது. தஸ்லீமுக்கு ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. முல்லா வீதியில் அம்மா, அத்தாவோடு குடியிருந்த காலத்தில், தெருவில் யாராவது இப்படி விழுந்தால், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வார்கள், இரும்பு கொடு, சாவி கொடு என்று. பார்வதியின் குப்பத்திலும் அதேதான். இந்தச் சாதி அந்தச் சாதி, இந்த மதம் அந்த மதம் என்று இல்லாமல் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வைத்தியம் இதுதான் போலிருக்கிறது.

டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்து அபியின் கையில் திணித்தார்கள். அது பித்தளை. பித்தளைக்கு அடங்காதுடி என்று பார்வதி கீழே ஓடிப்போய்ப் பண்டக அறைச் சாவியை உருவிக்கொண்டு வந்தாள். பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு அது. பெரிய கதவுகளுக்கெல்லாம் விரல் நீளத்துக்குக் கனமான இரும்புச் சாவி. உள்ளங்கையில் அதை வைத்து அழுத்தியதும், கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. தானாக வந்தது தானாக நின்றது. ஆனால் கையில் இருந்தது சாவி, பெயர் சாவிக்குப் போனது.

அபி கண் திறந்ததும் தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு பேர் காலையும் பிடித்துக்கொண்டாள். மேடத்திடம் மட்டும் சொல்லாதீங்கக்கா என்று அழுதாள். இதற்கு முன்னால் வேறொரு இல்லத்தில் இருந்தாளாம். அங்கே இப்படி ஒருநாள் விழுந்ததும், இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள வசதியில்லை என்று, மனநிலை சரியில்லாத பெரிய பெண்களை வைத்திருக்கிற ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார வேண்டியது, மணியடித்தால் சாப்பிட வேண்டியது, திரும்பவும் உட்கார வேண்டியது. பஞ்சநாதன் கடலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுது, மகளைக் கூட்டிவந்து, வியாதியை மறைத்து இங்கே சேர்த்தார். பையின் அடியில் மாத்திரை அட்டைகளை வைத்துக்கொடுத்து, தீர்வதற்குள் வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அபி படிப்பில் புலி என்றெல்லாம் இல்லை. கணக்கு டீச்சருக்கும் அவளுக்கும் தினமும் ரகளை. ஆனாலும் பள்ளிக்கூடம் என்றால் அப்படி ஒரு ஆசை. மற்றவர்கள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே போய் நிற்பாள். சீக்கிரம் வாங்கக்கா, மணி அடிச்சுடுவாங்க என்று நச்சரிப்பாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓய்ந்துபோன பிள்ளைக்குத்தான் அந்த மணியின் அருமை தெரியும்.

மாத்திரை தீர்ந்தது. பஞ்சநாதன் வரவில்லை. போனும் போகவில்லை. வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. இவர்கள் இருவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாதது அதிர்ஷ்டம். தஸ்லீம் பயந்துபோய், கடையில் கேட்டுப் பார்க்கலாமா என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் சின்னப் பெண்களுக்கு யார் கொடுப்பார்கள்? மாத்திரை இல்லாட்டி இன்னாக்கா, அதான் சாவி இருக்குதே என்று பார்வதி தைரியம் சொன்னாள். வீட்டுக்குள் எங்கே விழுந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். குளியலறை மேடையில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒன்று, தலையணைக்குள் ஒன்று. அவ்வளவுதான் தஸ்லீமுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று வேண்டுமே என்று பார்வதி தானாக யோசித்து, கேட் சாவியைச் சுருட்டி, வழியில் அபியைக் கைப்பிடித்துப் போகிறவள் தஸ்லீம்தானே என்று அவளுடைய புத்தகப் பைக்குள்ளேயே போட்டுவைத்தது அவளுக்குத் தெரியாது.

கமலவேணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் பண்டக அறைச் சாவி. இன்னொரு கையில் கேட் சாவி.

"உன் தலகாணிலயும் உன் பைலயும் இருந்துச்சு தஸ்லீம்," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

தஸ்லீம் பார்வதியைப் பார்த்தாள். பார்வதி தரையைப் பார்த்தாள். எல்லாம் அந்த ஒரு பார்வையில் புரிந்துபோயிற்று. சின்னவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கமலவேணி தஸ்லீமை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே போனதும் கமலவேணியின் குரல் மாறிவிட்டது. ஏதாவது ஒரு காரணம் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாள். யாராவது வெளியிலிருந்து தொந்தரவு பண்ணுகிறார்களா, பரீட்சை பயமா, அத்தா ஞாபகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கெட்டவள் இல்லை அவள். ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன என்று தஸ்லீமுக்குத் தோன்றியது. ஆனாலும் முதலில் ஆழம் பார்த்தாள்.

"மேடம், இங்க ஒருத்திக்கு உடம்புல ஏதாவது பெருசா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

கமலவேணிக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜுரம் தலைவலின்னா பாத்துக்கலாம். பெரிய வியாதின்னா நாம வச்சுக்க முடியாது. அதுக்குன்னு இருக்கற எடத்துக்கு அனுப்பிடுவோம். அது இப்ப எதுக்கு? சாவி எதுக்கு எடுத்தேன்னு சொல்லு."

தஸ்லீம் அதற்கப்புறம் வாயைத் திறக்கவேயில்லை. கமலவேணி கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கோபம் வந்து, இல்லத்தின் செயலாளர் சந்திரமோகனுக்குப் போன் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார். அதற்குள் பெண்ணின் தகப்பனுக்கும் சொல்லிவையுங்கள், கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். தஸ்லீமின் அம்மா ஜீனத்துன்னிசா இறந்தபின் அத்தா யாகூப் வேறு கல்யாணம் செய்துகொண்டவர். ஒரே ஒரு அறை, அதில் இப்போது ஐந்து பேர். போனில் அவர் நிறைய இழுத்துவிட்டு, சாயங்காலம் வரேன் மேடம் என்றார். அங்கே போனால் பத்தாவது பரீட்சை அவ்வளவுதான் என்பது கமலவேணிக்கும் தெரியும், தஸ்லீமுக்கும் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

கொல்லைப்புறத்துப் பாதாம் மரத்தடியில் அபி வந்து தஸ்லீமின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ராத்திரியும் தூங்கவில்லை.

"நான் போய் சொல்லிடறேன்க்கா. எனக்காக தான்னு."

"வாயத் தொறந்தே, பல்லு பேந்துடும்," என்றாள் தஸ்லீம். "எனக்கு அத்தா இருக்காரு, வீடு இருக்கு. உனக்கு ஜன்னலோரந்தான் இருக்கு. போய் சாப்புடு."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் அழுகை முட்டியது. யாருக்கு வீடு? எந்த வீடு? அப்போதுதான் அபியின் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். அது தனியாக, தன்பாட்டுக்கு, லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். அது வந்தால், சில நேரம் அரை நாளில், சில நேரம் அடுத்த நிமிஷமே, மற்றது வரும்.

அவள் அபியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்சம் படு, தூங்கு, கண்ணை மூடு என்று முதுகைத் தட்டினாள். கைக்கடியில் வைக்க ஒரு சாவி இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இருந்ததும் குளியலறையில் இருந்ததும் இதற்குள் கண்டெடுக்கப்பட்டு ஆபீஸ் மேஜைக்குப் போய்விட்டன. அபி கண் அயர்கிற நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. எல்லாரும் கூடத்துக்கு வரணும், ஒருத்திகூட மாடியில் இருக்கக் கூடாது என்று கமலவேணி படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தாள். அபிக்குத் தலைவலி, அவள் மட்டும் படுத்திருக்கட்டும் என்று தஸ்லீம் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய பேச்சுக்கு அன்றைக்கு என்ன மதிப்பு? நீ ஒன்றும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று பதில் வந்தது.

சந்திரமோகன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைக் கண்ணு கண்ணு என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்குத் தன் காசில் பட்டாசு வாங்கித் தருவார். அதனால் தான் ரொம்ப நல்லவர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கூடத்தில் மேஜை போட்டு, சாவிகளை அதன்மேல் வரிசையாக வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"பையன் யாரு கண்ணு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

தஸ்லீமுக்குக் காது வரைக்கும் சூடேறியது. யாரும் இல்லை என்றாள். அப்படியானால் கேட் சாவி எதற்கு? பண்டக அறைச் சாவி எதற்கு, சாமான் எடுத்து வெளியே விற்றாயா? இத்தனை நல்லது செய்கிற இடத்தில் இப்படி நன்றி கெட்டதனமாக நடக்கலாமா என்று அவர் பேசிக்கொண்டே போனார். அவள் காதில் எதுவும் விழவில்லை. அவளுடைய கண் வரிசையில் நின்ற அபியின் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் இப்போது நன்றாகவே துடித்தது. முடிங்க சார், சீக்கிரம் முடிங்க, என்னை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். பார்வதி ஓரத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்பாவோட போகட்டும். நமக்கு மத்த பிள்ளைங்க முக்கியம்," என்று சந்திரமோகன் எழுந்தார்.

"சார்," என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அபி வரிசையை விட்டு முன்னால் வந்திருந்தாள். "அக்கா எடுக்கல சார். அது எனக்கு..."

அவ்வளவுதான். கண் மேலே போயிற்று. சிமெண்ட் தரையில் தலை இடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

சந்திரமோகன் பின்வாங்கியதில் நாற்காலி சாய்ந்தது. சின்னப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பார்வதி மட்டும் யாரையும் கேட்காமல் பாய்ந்து போய், மேஜை மேலிருந்த சாவிகளை வாரிக்கொண்டு வந்து அபியின் கையில் திணித்தாள். ஒன்று, இன்னொன்று என்று விரல்களைப் பிரித்துப் பிரித்துத் திணித்தாள். பேயறைந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்த கமலவேணிக்கு அந்த நொடியில்தான் எல்லாச் சாவியும் எதற்குப் போயின என்பது தெரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

இழுப்பு நிற்கவில்லை. எப்போதும் நிற்கிற நேரம் தாண்டிவிட்டது. பார்வதி கேட் சாவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, நிக்க மாட்டேங்குதுக்கா, நிக்க மாட்டேங்குதுக்கா என்று அழுதாள். தஸ்லீம் குனிந்து பார்த்தாள். அபியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. வாயோரம் நுரையில் ரத்தம். இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்தது எல்லாம் ஒரு வார்த்தையில் போகப்போகிறது. சொன்னால் அபி ஜன்னலோரத்துக்குப் போவாள். சொல்லாவிட்டால் எங்கே போவாள் என்பதை அந்த உதடு சொன்னது.

"மேடம், இது இரும்புக்கு அடங்காது," என்றாள் தஸ்லீம். "இவளுக்கு எப்பவுமே வலிப்பு இருக்கு. மாத்திரை தீந்து ரொம்ப நாளாச்சு. எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க மேடம், செத்துருவா."

கமலவேணி தூக்கினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு செயலாளரின் காருக்கு ஓடினாள். சாவி எங்கே, கார் சாவி எங்கே என்று அவர் சட்டைப் பையைத் தடவினார். தஸ்லீம் யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி அபியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம், வெளியூர்க் கார்கள் எல்லாம் கடற்கரைக்குத் திரும்புகிற நேரம். ஹாரனை அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு முனையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கமலவேணி கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போட்டாள், அவரே மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அபியின் உடம்பு தளர்ந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். மூடியிருந்த கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து தோல் கிழிந்திருந்தது. இதை யார் வைத்தது என்று கேட்டார். தஸ்லீம் கையைத் தூக்கினாள். இரும்பால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கடியில் துணி வை, சீக்கிரம் நிற்காவிட்டால் இங்கே கொண்டுவா என்று அவளிடமே சொன்னார். பிறகு பெரியவர்களிடம் திரும்பி, மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இந்தப் பிள்ளை எல்லாரையும்போல் படிக்கும், ஓடும், விளையாடும், மாத்திரை இங்கேயே கிடைக்கும், காசுகூட வேண்டாம் என்றார்.

சந்திரமோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். இதற்கென்றே இருக்கிற இல்லத்துக்கு அனுப்பினால் நல்லதில்லையா டாக்டர் என்றார்.

"எதுக்குன்னு இருக்கற இல்லம்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

செயலாளருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, டிரஸ்ட் பேர் என்னாகும், திங்கட்கிழமை ஏற்பாடு பண்ணிடறேன் என்று வராந்தாவில் கமலவேணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். யாகூபுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று கமலவேணி சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவர் பெருமூச்சு விட்டது தஸ்லீமுக்கும் கேட்டது. வலித்தது. ஆனால் அதை நினைத்து அழ அன்றைக்கு நேரமில்லை.

இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணியின் புடவையில் அபியின் எச்சில் காய்ந்திருந்தது.

"என்கிட்ட ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா அனுப்பிருப்பீங்க."

கமலவேணி உடனே மறுக்க வாயெடுத்தாள். காலையில் ஆபீஸ் அறையில் அவள் சொன்ன பதில் அவளுக்கே இப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஆமா," என்றாள். "அனுப்பிருப்பேன்."

மறுநாள் காலை அபி கண் விழித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது. கட்டிலோரம் கமலவேணியைப் பார்த்ததும், வலிக்குது என்று சொல்லவில்லை, அம்மா என்று அழவில்லை. "எந்த ஊருக்கு மேடம்?" என்று கேட்டாள். உப்பளத்துக்குத்தான் என்று கமலவேணி சொன்னாள். அபி தஸ்லீமைப் பார்த்தாள். அவள் தலையாட்டினால்தான் நம்புவேன் என்று இருந்தது அந்தப் பார்வை. தஸ்லீமால் தலையாட்ட முடியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

சாயங்காலம் இல்லத்துக்குத் திரும்பி, டிபன் முடிந்ததும், கமலவேணி எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். அபியின் கையில் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தாள். அபி பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோளைக் குறுக்கி, வாயருகே கொண்டுபோனாள். அதைப் பார்த்த கமலவேணி அவள் தோளைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் பாக்கட்டும். திருட்டு மாத்திரை இல்ல இது."

அபி முழுங்கினாள். கமலவேணி பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் பச்சையாகச் சொன்னாள். இவளுக்கு வலிப்பு உண்டு, விழுந்தால் எப்படிப் படுக்க வைக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையிடமும் தானே போய்ச் சொல்லப் போவது எல்லாம் சொன்னாள். நான் இங்கே இருக்கிற வரைக்கும் உடம்புக்கு முடியவில்லை என்று யாரையும் வெளியே அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னாள். பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இப்படி நிறையச் சொல்வார்கள். அவர்கள் கேட்காததா?

அப்போது பாரதி எழுந்தாள். மூன்றாவது படிக்கிற வாண்டு. யாரோடும் அதிகம் பேச மாட்டாள். நேராகக் கமலவேணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு போர்டு தெரியல மேடம்."

எத்தனை நாளாக என்று கமலவேணி கேட்டாள். எப்பவுமே என்றாள் பாரதி. பக்கத்துப் பெண் எழுதுவதைப் பார்த்து எழுதுவாளாம். கண்ணு தெரியாத பிள்ளைகளை வேற எங்கேயோ வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் சொல்லலை என்றாள். கமலவேணி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அதற்குள் பின்னால் இன்னொருத்தி எழுந்து நின்றாள். அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். அந்த வரிசையில் பார்வதியும் போய் நின்றதைப் பார்த்துத் தஸ்லீம் திகைத்துப்போனாள். பக்கத்துப் பாயில் வருஷக்கணக்காகப் படுக்கிறவள். அவளுக்கு ஒரு காதில் சீழ் வடிந்து வடிந்து, இப்போது அந்தப் பக்கம் எதுவுமே கேட்பதில்லையாம். தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று தஸ்லீமுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

கமலவேணியின் போன் அடித்தது. சந்திரமோகன். அபிக்கு ஒரு இடம் பார்த்துவிட்டதாகவும், காலையில் ஆளோடு வருவதாகவும், துணிமணியைக் கட்டிவைக்கும்படியும் சொன்னார். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. அபி எழுந்து மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். கமலவேணி ஒரு கையால் அவளைப் பிடித்து நிறுத்தினாள். முன்னால் நின்ற வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"அபிய மட்டும் அனுப்ப முடியாது சார்," என்றாள். "அந்தக் கணக்குப் பாத்தா இங்க பாதிப் பிள்ளைங்க வரிசைல நிக்கறாங்க. என்னையும் சேத்து ஏத்தணும். வரும்போது பெரிய வண்டியா எடுத்துட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்தது யாரு, வாங்க என்றாள். தஸ்லீம் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். மாசா மாசம் அவளைச் சுருட்டிப் போடுகிற வயிற்றுவலியும், அதற்கப்புறம் ரெண்டு நாளைக்குக் கண்ணை இருட்டுகிற மயக்கமும் இருந்தன. மூத்தவள் என்பதால் அதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. மெதுவாகப் போய்ப் பார்வதிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.